ஒன்றாம் வகுப்புத் தரை

அப்பா, பங்குச்சாமி லூர்துராயர், மதர் யூலாலி, கொத்தனார் ஞானாதிக்கம், பிலோமி அக்கா, நான், இவ்வளவு பேர்தான், வேறு யாரும் அந்த அறையில் இல்லை, அன்று எங்கள் ஊர் வேம்படித்துறை முழுவதும் பக்கத்து ஊர்ச் சப்பரத்துக்குப் போயிருந்தது, ஒன்றாம் வகுப்பின் தரை பெயர்ந்து கிடக்கிறது, ஈரமண்ணின் உப்பு வாசம் ஓடு வரைக்கும் ஏறி நிற்கிறது, குழியின் விளிம்பில் அக்கா நிற்கிறாள், பீடத்து வெள்ளைத் துணியில் சுற்றியதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, தலைப்பக்கம் இடது முழங்கையில் சாய்ந்திருக்க, ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் ஞானத்தாய் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பாளே அப்படி, வேறு எப்படி ஏந்துவாள், அந்த நீளத்தையும் அந்தக் கனத்தையும் ஒரு பெண்பிள்ளை வேறு எப்படியும் ஏந்த முடியாது, துணிக்குள் இருந்தது அர்ச்சிஷ்ட பிலோமினம்மாளின் சொரூபம், ஊர் அதைப் பிள்ளை என்றது, அக்கா பெற்ற பிள்ளை, கன்னியரும் எங்கள் கொரைரா வீட்டாரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குள்ளேயே புதைத்த பிள்ளை, அறுபது வருடத்துக்கு மேலாகிறது, ஊர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

இன்று அந்தத் தரையை மறுபடி தோண்டுகிறார்கள். விடிந்ததிலிருந்து பள்ளி முற்றத்தில் நிற்கிறேன், தலைமையாசிரியை சிஸ்டர் விமலி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, உக்காருங்க டீச்சர், வெயில் ஏறுது, என்றார், நான் உட்காரவில்லை, இந்த முற்றத்தில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, ஆசிரியையாகவும் இல்லை, தலைமையாசிரியையாகவும் இல்லை, இன்று உட்கார்ந்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள், கால் மட்டும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, புன்னை மரத்துக்கும் கைப்பம்புக்கும் இடையே நடக்கிறேன், திரும்புகிறேன், சேலை மடிப்பைச் சரிசெய்கிறேன், சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்கிறேன். மற்ற வகுப்புகளை ஜேசிபி நேற்றே தள்ளிவிட்டது, அந்த இடத்தில் மாடிக் கட்டடம் வரப்போகிறது, ஒன்றாம் வகுப்பை மட்டும் பகல் வெளிச்சத்தில், மண்வெட்டியால், ஆட்கள் பார்க்கத் தோண்ட வேண்டும் என்று பங்குச்சாமி ஜெரிட்டனிடம் கேட்டுக்கொண்டேன், ஏன் டீச்சர், என்றார், என் பேரன் வயது அவருக்கு, பேரன் எனக்கு இல்லை, வயதைச் சொல்கிறேன், அந்தத் தரையில் எங்கள் வீட்டு வாக்கு ஒன்று இருக்கிறது, அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றேன், அவர் கேட்கவில்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது, கொரைரா வீட்டுக் கெழவி கடைசியில ஒத்துக்கிட்டா என்று மாலைக்குள் கடற்கரை முழுவதும் பரவி, இதோ திருநாளுக்கு வருவதுபோல வந்து நிற்கிறார்கள், இடுப்பில் பிள்ளை, கையில் போன், ஒருத்தி சுண்டல்கூட வாங்கி வைத்திருக்கிறாள், எலும்பு வருமா என்று பார்க்க.

எலும்பு வராது. ஆனால் என்ன வரும் என்பதும் எனக்குத் தெரியாது, அதுதான் காலை ஓட்டிக்கொண்டிருப்பது, கடல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, மழைக்காலத்தில் ஒன்றாம் வகுப்புத் தரையில் உப்பு பூத்து நிற்கும், பிள்ளைகள் நக்கிப் பார்ப்பார்கள், சுண்ணச்சாந்துச் சொரூபம் அத்தனை வருடம் உப்பீரத்தில் என்ன ஆகும், ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், வெறும் வெள்ளைப் பொடி என்றால், சின்னப் பிள்ளையின் எலும்பும் அப்படித்தான் பொடியாகும் என்று சொல்ல இங்கே ஆள் இருக்கிறது, அக்காவுக்கு அதற்குப் பிறகு சாட்சி யாரும் இல்லை, அறுவரில் ஐவர் போய்விட்டார்கள், ஆறாவது ஆள் அவள் தங்கை, தங்கை சொல்லை எவர் எடுப்பார்.

இந்த இடம் முதலில் கருவாட்டுக் கொட்டகை. எங்கள் தாத்தா பிராஞ்சீஸ்கு கொரைரா கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் தோணி விட்டவர், அவர் பள்ளிக்கூடம் கொடுத்தது தர்மத்துக்காக அல்ல, இதை எங்கள் வீட்டில் மறைத்ததில்லை, ஒரு திருநாள் பூசையில் அவருடைய தங்கை செபப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள், பின்னால் யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு அவர் முதுகில் ஏறிவிட்டது, மறுவாரமே கொட்டகையைக் காலிசெய்து சாவியை மறைமாவட்ட மேற்றிராணியாரிடம் கொடுத்தார், பெண்பிள்ளைகளுக்கு மட்டும், இந்தக் கரையில் இனி ஒருத்தியும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது, ரோஷத்தில் பிறந்த பள்ளி இது, அதனால்தானோ என்னவோ அதன் சுவர்கள் அவ்வளவு நாள் நின்றன, எத்தனை முறை வெள்ளையடித்தாலும் முதல் மழைக்குச் சுவருக்குள்ளிருந்து நெத்திலிக் கருவாட்டு வாசம் எழுந்து வரும், புதிதாக வந்த கன்னியர் மூக்கைப் பொத்துவார்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர்களுக்குப் பசி எடுக்கும். முதலில் எவரும் பெண்பிள்ளையை அனுப்பவில்லை, தாய் கரையில் மீன் கூறு வைத்துக்கொண்டிருக்கும்போது கைப்பிள்ளையை யார் பார்ப்பது, மூத்தவள்தானே, அப்படியானால் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா என்றார்களாம் முதல் கன்னியர், வகுப்பு உத்தரத்தில் பழைய வலைத்துண்டால் தொட்டில்கள் கட்டினார்கள், பெண்கள் தொட்டில் கயிற்றைக் கால்விரலில் மாட்டிக்கொண்டு ஆட்டியபடியே வாய்ப்பாடு சொன்னார்கள், நான் படிக்கும்போதும் இரண்டு தொட்டில்கள் மிச்சம் இருந்தன, ஐயேழு முப்பத்தைந்து என்றால் இன்றும் என் வலது கால் பெருவிரல் தானாக அசைகிறது, இதோ இப்போதும் செருப்புக்குள் அசைகிறது.

சொரூபம் பிறகு வந்தது, தாத்தாவே தோணியில் கொண்டுவந்து ஒன்றாம் வகுப்புச் சுவர் மாடத்தில் வைத்தார், இரண்டு முழ உயரம், பதின்மூன்று வயதுப் பெண், கையில் அம்பு, காலடியில் நங்கூரம், கழுத்தில் நங்கூரத்தைக் கட்டி ஆற்றில் எறிந்தார்கள், கயிறு அறுந்து அவள் மிதந்து வந்தாள் என்பது கதை, கடல்காரர்களுக்கு வேறு எந்தப் புனிதை வேண்டும், பள்ளிக்கும் அவள் பெயர், எங்கள் வீட்டில் மூத்த பெண்ணுக்கும் அவள் பெயர். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளையைத் தாய் இடுப்பிலிருந்து இறக்கி அந்த நங்கூரத்தின்மேல் கையை வைக்கச் சொல்லுவாள், ஒன் பேரச் சொல்லுளா, சத்தமாச் சொல்லு, அவியளுக்குக் கேக்கணும்லா, பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் பெயரைச் சொல்லும், தாய் உடனே, நங்கூரம் போட்டாச்சு, இனி வீட்டுக்கு ஓடியாந்தா கரையில ஏத்த மாட்டேன் என்று திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள், பிள்ளை ஓடாது, ஓடவே ஓடாது, கைபட்டுக் கைபட்டு நங்கூரத்தின் தங்கப்பூச்சு போய் வெள்ளையாகப் பளபளக்கும், இதை எந்தக் கன்னியரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தச் சாமியும் மந்திரிக்கவில்லை, தாய்மார்கள் தாங்களே ஏற்படுத்தியது.

பிறகு அந்த வருடம், ரோமிலிருந்து கட்டளை, பிலோமினம்மாளின் திருநாளைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவளைப்பற்றி உறுதியாக எதுவும் தெரியவில்லை என்று. மதர் யூலாலி எங்கள் வீட்டு முன்ஹாலில் நிற்கிறார், உட்காரச் சொன்னார் அப்பா, அவர் உட்காரவில்லை, நல்லவர், கீழ்ப்படிவதில் மட்டும் அவசரக்காரர், காலண்டரில் பெயர் இல்லாதவரைப் பீடத்தில் வைத்துப் பிள்ளைகளைக் கும்பிடச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, மிஸ்டர் கொரைரா, என்கிறார், காலண்டரைத்தான் திருத்தச் சொன்னார்கள், சொரூபத்தைத் தொடச் சொல்லவில்லை என்று பல வருடம் கழித்து, நன்றாகப் படித்த சாமியார் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் சிரிக்கவில்லை, ஆனால் அன்று அப்பாவுக்கு அது தெரியாது, அவருக்குத் தெரிந்ததைக் கேட்டார், என் மூத்த மவளுக்கும் அந்தப் பேருதான் மதர், அவளையும் எடுத்துருவியளா, கதவோரம் அக்கா நின்றாள், அவள் முகத்தை நான் பார்த்தேன், யாரோ அவளை வகுப்பில் எழுப்பிவிட்டு உன் பெயர் என்ன என்று கேட்டதுபோல இருந்தது. எங்க வீட்டுக்குக் குடுத்துருங்க, என்றார் அப்பா, வீட்டில் வைத்தால் ஊர் மெழுகுதிரியோடு வாசலுக்கு வரும், உங்கள் வீடு கோவிலாகும், பங்கு இரண்டாகும் என்றார் மதர், மந்திரித்த பொருளை விற்கவோ எறியவோ கூடாது, மண்ணுக்குள்தான் வைக்க வேண்டும், அது முறை, கல்லறைத் தோட்டம் என்றால் ஊர் பார்க்கும், கோடை விடுமுறையில் ஒன்றாம் வகுப்புக்குச் சிமெண்டுத் தரை போட ஏற்பாடு இருந்தது, அங்கேயே, அவள் நின்ற இடத்துக்கு நேர் கீழே, ஆனால் ஒருவருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் ஊர் தோண்டி எடுத்துவிடும், மேற்றிராணியார் இல்லத்துக்கு அனுப்பியாயிற்று என்று பங்குச்சாமி பூசையில் சொல்லிவிடுவார். சொல்ல மாட்டோம், கொரைரா வீட்டு வாக்கு, என்றார் அப்பா, எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார், நாங்கள் தலையாட்டினோம், அக்காவுக்கு இருபத்து நாலு, எனக்கு இருபது, இருவரும் அதே பள்ளியில் ஆசிரியைகள், வாக்கு என்றால் என்ன விலை என்று இருவருக்கும் தெரியாது.

குழி. லூர்துராயர் கழுத்தில் ஊதா நிற ஸ்தோலைத் துண்டைப் போட்டுக்கொண்டு தீர்த்தம் தெளிக்கிறார், அடக்கத்துக்கு உள்ள செபத்தைச் சொல்லக் கூடாது, மந்திரிக்கும் செபத்தையும் சொல்ல முடியாது, எதைச் சொல்வது என்று தெரியாமல் பரலோக மந்திரத்தை மட்டும் சொல்கிறார், அக்கா கொடுக்க மாட்டேன் என்பதுபோல நிற்கிறாள், கொத்தனார் குழிக்குள் நின்று இரண்டு கையையும் நீட்டியபடி, குடுங்க தாயி, பதனமாப் பிடிச்சுக்கிடுதேன், என்கிறார், கடைசியில் அவள் குனிந்து துணியை விலக்கி நங்கூரத்தில் கையை வைத்து, பிலோமினா, என்று சத்தமாகச் சொன்னாள், சேரும் பிள்ளை சொல்வதுபோல, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சன்னல் திறந்திருந்தது. சன்னலுக்கு வெளியே வேலி, வேலிக்கு அப்பால் தோணி ஓட்டும் தண்டல் மிக்கேலின் வீடு, அவர் பெண்சாதி மோட்சம் காலில் திருக்கை முள் குத்திச் சப்பரத்துக்குப் போகாமல் கட்டிலில் கிடந்தாள், அவள் எழுந்து நின்று பார்த்திருக்கிறாள், வெள்ளைத் துணி, ஏந்திய கை, ஊதா ஸ்தோலை, குழி, அவள் பார்த்தது பொய்யில்லை, நான் ஒருநாளும் அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை.

ஜூன் வந்தது, தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து நின்று வெறும் மாடத்தைப் பார்த்தார்கள், எதைத் தொடச் சொல்வது, பிள்ளைகள் அழுதன, ஓடின, ஒன்று சுவர் ஏறிக் குதித்துக் கடல்வரைக்கும் ஓடியது, அக்கா பின்னாலேயே ஓடித் தூக்கிக்கொண்டு வந்தாள், வந்தவள் அந்தப் பிள்ளையைத் தரையில் மாடத்துக்கு நேர் கீழே உட்காரவைத்து, இங்க கைய வையி, ஒன் பேரச் சொல்லு, என்றாள், பிள்ளை சொன்னது, அழுகை நின்றது, அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் அப்படியே செய்யவைத்தாள், சிமெண்டில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பு ஏறியது, தாய்மார்களுக்குப் புரியவில்லை, என்னத்துக்கு டீச்சர் தரையத் தொடச் சொல்லுதிய, அங்க என்ன இருக்கு, அக்கா சிரித்தாள், அந்தச் சிரிப்பு போதும், மோட்சம் தான் பார்த்ததைத் தன் கூடப்பிறந்தவளிடம் சொன்னாள், அவள் மீன் ஏலத்தில் சொன்னாள். மதர் யூலாலி அக்காவைக் கூப்பிட்டு, இது மறைமுகமாக வாக்கை மீறுவது, நிறுத்து, என்றார், நிறுத்த மாட்டேன் மதர், பிள்ளையள் ஓடிருவாவ, என்றாள் அக்கா, அப்படியானால் நீ இங்கே இருக்க முடியாது, அந்த வாரமே மலைமேல் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள், அப்பா பஸ்ஸேற்றிவிட்டு வந்தார், கதை முழுமையாகிவிட்டது, வெள்ளைத் துணி, குழி, தரையைத் தொடும் பிள்ளைகள், ஊரைவிட்டுப் போன பெண், எந்த ஊராக இருந்தாலும் இந்த நான்கையும் வைத்து அதே கதையைத்தான் கட்டும்.

அம்மா அழுதாள், ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரே ஒரு வார்த்தை, எம் பிள்ளை பேரு நாறுது, என்று அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள், வாக்கு குடுத்தாச்சு, ஊரு பேசட்டும், வீட்டுல பேச வேண்டாம், என்றார் அப்பா, அதற்குப் பிறகு கோவிலில் முன்வரிசையில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார், நானும் நிமிர்ந்தேன், முதுகு அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தூத்துக்குடியில் பேசி முடித்திருந்த இடம், மாப்பிள்ளையின் அத்தை வந்து காப்பி குடித்துவிட்டு, சுவரில் இருந்த அக்காவின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனாள், பிறகு ஒரு சொல்லும் வரவில்லை, நாங்களும் கேட்டு அனுப்பவில்லை, கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஒன்றாம் வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள், நான் பிள்ளைகளைத் தரையைத் தொடச் சொல்லவில்லை, ஆனால் அந்த இடத்தில் ஒரு கால்கூட மிதிபடக் கூடாது என்று மேசையைக் கொண்டுபோய் அதன்மேல் போட்டேன், பக்கத்தில் நின்றுகொண்டே பாடம் எடுத்தேன், பெரியவ செஞ்சத சின்னவ மேச போட்டு மறைக்கா, என்றாள் மோட்சம், என் காதுபடவே, பம்படியில், நான் குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தேன், தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மதர் செத்தார், லூர்துராயர் மாற்றலாகிப் போய் எங்கேயோ செத்தார், ஞானாதிக்கம் செத்தார், வாக்கை வாங்கினவர்கள் ஒவ்வொருவராகப் போக, திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல் அது எங்களிடமே தங்கிவிட்டது, அமெரிக்கக் கோதுமை வந்தது, பால் பவுடர் வந்தது, சத்துணவு வந்தது, தொட்டில் போயிற்று, நீலப் பாவாடை போய்ச் சுடிதார் வந்தது, மேசை மட்டும் நகரவில்லை, கனவில் அந்த மேசைக்குக் கீழே கடல் இருக்கும், பிள்ளைகள் எல்லோரும் இடுப்பில் கயிறு கட்டி மிதந்துகொண்டு வாய்ப்பாடு சொல்லுவார்கள், அக்கா அடியில் நடந்துகொண்டிருப்பாள், மேலே பார்த்து, ஏளா, பிள்ளையள எண்ணிட்டியா, என்பாள், எண்ணிட்டேன் என்பேன், எத்தன, என்பாள், எண் மறந்துபோகும், விழித்துவிடுவேன். அப்பாவின் அடக்கத்துக்கு அக்கா வந்தாள், கோவிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள், பாதிப் பேர் அவளிடம் அ, ஆ படித்தவர்கள், அவள் எழுந்துபோகிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, நல்லாருக்கியாளா எமிலி, நல்லாருக்கியாளா சந்தியா, என்று விசாரித்தாள், என்னிடம் திரும்பி, எல்லாவளும் நல்லாதான் இருக்காளுவ, என்றாள். அவள் மலையிலேயே இருந்து, மலையிலேயே படுத்து, மலையிலேயே அடங்கினாள், நான் பக்கத்தில் இருந்தேன், கடைசிவரைக்கும் ஊர் என்ன பேசுகிறது என்று அவள் கேட்கவில்லை, ஒன்றாம் வகுப்பில் இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

மண்வெட்டிச் சத்தம் மாறுகிறது. சிமெண்டு முடிந்துவிட்டது, ஈரமண், கூட்டம் நெருங்குகிறது, சிஸ்டர் விமலி என் கையைப் பிடிக்கிறார், நான் விடுவித்துக்கொண்டு குழிக்குப் போகிறேன், முன்வரிசையில் ஒரு நாற்காலி, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறார்கள், மோட்சம், தொண்ணூறு தாண்டிவிட்டது, கண் மட்டும் அன்றைய சன்னல் கண், என்னளா கொரைரா மவளே, இன்னிக்காவது வாயத் தெறப்பியா, என்கிறாள், தரை திறக்கட்டும் மோட்சக்கா, என்றேன், உங்க வீட்டுக்காரங்க எல்லாத்துக்கும் ஒரு வீம்பு, என்றாள், அவளுடைய பேத்தி போனை என் முகத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். மண்ணோடு வெள்ளைப் பொடி வருகிறது, வெள்ளைக் கட்டி, கையில் எடுத்தால் வெண்ணெய்போல நசுங்குகிறது, எலும்பு எலும்பு என்றது ஒரு குரல், சுண்ணாம்புல்லா, என்றது இன்னொன்று, எலும்பு அளிஞ்சா சுண்ணாம்புதான, நீ கண்டியா, பயந்தது அப்படியே நடக்கிறது, என் காதுக்குள் கடல் கேட்கிறது, ஒன்றும் மிஞ்சவில்லை அக்கா, உனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தோண்டுகிறவர் வெளியூர்க்காரர், கருப்பசாமி என்று பெயர், அவர் சட்டென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார், சாமி, இங்க ஒரு கை கெடக்கு. சேசு மரி சூசை, என்று கூட்டம் முழுவதும் ஒரே மூச்சில் சொன்னது, மண்ணில் ஒரு சின்னக் கை, மணிக்கட்டு வரைக்கும், ஐந்து விரலும் மேலே பார்த்து, ஒரு பையன் அப்போதே போலீசுக்கு நம்பர் அழுத்திவிட்டான், மோட்சம் கண்ணைப் பொத்திக்கொண்டாள், அறுபது வருடம் சொன்னவள், அதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை, அதை நான் கவனித்தேன்.

குழிக்குள் யாரும் இறங்கவில்லை. நான் இறங்கினேன், டீச்சர் டீச்சர் என்று சாமி ஜெரிட்டன் கத்துகிறார், முழங்கால் மண்ணில் புதைகிறது, அந்தக் கையை எடுத்தேன், கனமாக இருந்தது, முந்தானையால் துடைத்தேன், சேலை போனால் போகிறது, துடைக்கத் துடைக்க நகங்களில் ரோஸ் வர்ணம் வந்தது, விரல்களுக்கு இடையே அம்பு செருகின துளை வந்தது, மணிக்கட்டு உடைந்த இடத்தில் துருப்பிடித்த கம்பியும் அதைச் சுற்றிய சணலும் தெரிந்தன, யாருக்கும் காட்டவில்லை, நேரே மோட்சத்தின் மடியில் கொண்டுபோய் வைத்தேன், பாருங்க மோட்சக்கா, நல்லாப் பாருங்க, கம்பி இருக்கு, பிள்ளைக்குக் கம்பி வச்சா பெறுவாவ, என்றேன், அவள் கண்ணைத் திறந்து விரலால் தடவினாள், நகத்தைத் தடவினாள், துளையைத் தடவினாள், வாய் கோணியது, பிலோமினம்மா, இது பிலோமினம்மா கையில்லா, நானே தொட்ருக்கேன்லா, என் பிள்ளைய சேக்கும்போது நானே இந்தக் கையத் தொட்ருக்கேன், என்றாள், பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது, ஏளா பாவி, இத்தன வருசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த, ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்க ஏன் அந்தப் பிள்ளைய அப்பிடிப் பேசுதோம். வாக்கு, என்றேன். யாருக்குளா குடுத்த, என்றாள். எல்லோரும் செத்துப்போனாவ, என்றேன். அவள் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், கூட்டமும் கலைந்துபோகாமல் நின்றது, நானும் நின்றேன், பிறகு சிஸ்டர் விமலி போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இப்போது வேறு விதமாகச் சொல்கிறார்கள். மோட்சத்தின் வாயிலிருந்துதான் அதுவும் தொடங்கியது, சொன்ன பழிக்குப் பரிகாரமாக நினைத்துச் சொல்கிறாளோ, பழகிய வாய் சும்மா இருக்க முடியாமல் சொல்கிறாளோ, சொரூபம் மண்ணு ஒட்டாம முழுசா வந்துச்சு, சிரிச்ச மொகமா, பிலோமி டீச்சர் சுத்துன அதே வெள்ளத் துணியோட, நங்கூரம் தங்கமா மின்னுச்சு, என்று ஏலத்தில் பேச்சு, பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள், என் வீட்டு வாசற்படியில் மெழுகு உருகிக் கிடக்கிறது, நேற்று ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அந்தக் கைய வச்சு வணங்கக் கெபி ஒன்று கட்டலாமா டீச்சர், உங்க அக்கா படம் ஒண்ணு குடுங்களேன், என்று ஜெரிட்டன் சாமி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், அன்று பெஞ்சைவிட்டு எழுந்துபோன எமிலி கைத்தடியோடு வந்து, ஒங்க அக்கா புனிதைதான், எனக்கு அப்பமே தெரியும், என்கிறாள், இந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குப் பெருமை சேர்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள், பொய்யான பழியை எங்கள் வீடு சுமந்தது, பொய்யான பெருமையைச் சுமக்காது, ஆகவே சொல்கிறேன். சொரூபம் முழுசாக வரவில்லை. உப்புத் தண்ணீரில் கரைந்துவிட்டது. முகம் இல்லை, துணி இல்லை, நங்கூரம் இல்லை, ஒரு கை மட்டும் வந்தது. என் அக்கா பிலோமினா கொரைரா பிள்ளை பெறவில்லை, அற்புதமும் செய்யவில்லை, ஒன்றாம் வகுப்பு எடுத்தாள்.